ஓடுங்கள், ஆனால் கிணற்று மேட்டில் நில்லுங்கள்

பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒரு பழைய கிணறு இருக்கிறது. பாறை வெட்டிய கிணறு, எண்பதடி ஆழம். ஒரு சித்திரையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டதால் டீசல் இன்ஜினை உள்ளேயே திட்டில் இறக்கி வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் நின்றுபோனது. என்னவென்று பார்க்க இறங்கிய பையன் அந்தத் திட்டிலேயே சாய்ந்துவிட்டான். மேலே நின்ற அவன் தம்பி கத்திக்கொண்டே படியைப் பார்த்து ஓடினான். எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, அவன் லுங்கியைப் பிடித்து இழுத்து, இடுப்பைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உடுங்கப்பாரு, எங்கண்ணன் சாகறானுங்க!"

"எறங்குனா நீயும் வரமாட்டே சாமி. உடமாட்டேன்."

அவன் அப்பாருவின் கையைக் கடித்தான். அவர் விடவில்லை. தீயணைப்பு வண்டி வந்து, முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிய வீரர் இறங்கினார். அண்ணனைக் காப்பாற்ற முடியவில்லை. தம்பிக்கு இன்றைக்கு இரண்டு குழந்தைகள். அந்தப் பல் தடம் அப்பாருவின் முன்கையில் கடைசி வரைக்கும் இருந்தது.

ஊர் இளவட்டங்களுக்கு முதலுதவி சொல்லித்தர உட்காரும்போதெல்லாம் நான் இந்தக் கிணற்றிலிருந்துதான் தொடங்குகிறேன். கட்டுப் போடுவதையும் நெஞ்சை அழுத்துவதையும் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம். பாசமுள்ளவன் விழுந்து கிடக்கும்போது கால்களை நிறுத்துவதைத்தான் பழக வேண்டியிருக்கிறது.

தொடுவதற்கு முன்

யார் எங்கே விழுந்து கிடந்தாலும் முதலில் பத்து நொடி சுற்றிலும் பாருங்கள். அவரை விழ வைத்தது இன்னும் அங்கேயே இருக்கிறதா? கரண்டு, விஷக்காற்று, வேகமாக வரும் லாரி, ஓடிக்கொண்டிருக்கும் மிஷின், பாம்பு, வாய்க்கால் தண்ணீர் என்று எதுவாகவும் இருக்கலாம். அதை நிறுத்தின பிறகுதான் ஆளைத் தொட வேண்டும்.

இரண்டாவது, கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக "யாராச்சும் போன் பண்ணுங்க" என்று கத்தாதீர்கள். எல்லோரும் அடுத்தவர் பண்ணுவார் என்று நிற்பார்கள். ஒருவரைக் கையைக் காட்டிச் சொல்லுங்கள்: "மாமா, நீங்க 108-க்குப் பண்ணுங்க. பண்ணிட்டு எங்கிட்டச் சொல்லுங்க." இன்னொருவரிடம், "தம்பி, நீ வண்டி எடுத்துட்டுப் பிரிவுல போய் நில்லு." தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, தெருப் பெயரும் கதவு எண்ணும் கிடையாது. மெயின் ரோட்டிலிருந்து வழி பிரியும் அந்தப் பிரிவில் ஆள் நின்று கைகாட்டாவிட்டால் ஆம்புலன்ஸ் தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதைகளில் சுற்றிக்கொண்டிருக்கும். ராத்திரியாக இருந்தால் டார்ச்சோடு நிற்க வேண்டும்.

108 தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிறது, காசு கிடையாது. தீயணைப்புக்கு 101. கிணறு, வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி என்றால் இரண்டுக்கும் பண்ணுங்கள். எந்த ஊர், எந்தப் பிரிவு, பக்கத்தில் என்ன கோயில் அல்லது குடோன், எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா, இவ்வளவும் சொல்லிவிட்டு அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள்.

கிணறும் செப்டிக் டேங்கும்

பாழுங்கிணறு, தூர் வாரும் கிணறு, சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டி, செப்டிக் டேங்க் எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான். உள்ளே மயங்கி விழுந்தவரை எடுக்க வெறும் ஆளாக யாரும் இறங்கக் கூடாது.

காரணம் தெரிந்தால்தான் மனசு கேட்கும். அழுகும் இலைதழையும் சேறும் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. கரியமில வாயு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கி நிற்கும். டீசல் இன்ஜினின் புகையிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. செப்டிக் டேங்கில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை வாடை அடிக்கும், ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த வாடையே தெரியாது. ஒன்றிரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவான். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் அடியில் ஒரு ஆளைத் தூக்கிப் பார்த்தால் தெரியும், மூச்சு விடாமல் தூக்கவே முடியாது.

விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் பெரியவர்களிடம் உண்டு. விளக்கு அணைந்தால் இறங்காதே என்பது சரிதான். அணையாவிட்டால் இறங்கலாம் என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். செப்டிக் டேங்கில் விளக்கைக் காட்டவே காட்டாதீர்கள், மீத்தேன் வெடிக்கும்.

சரி, மேலே நின்று என்ன செய்யலாம்? உள்ளே இருப்பவர் நினைவோடு இருந்தால் கயிற்றில் பெரிய சுருக்குப் போட்டு இறக்கி, அக்குளுக்குக் கீழே மாட்டச் சொல்லி நாலு பேர் சேர்ந்து இழுக்கலாம். உள்ளே ஓடும் இன்ஜினை மேலிருந்து நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். கிணற்று வேலைக்கு வந்த கம்ப்ரசர் வண்டி பக்கத்தில் நின்றால் அதன் ஹோஸை இறக்கி நல்ல காற்றை உள்ளே விடலாம். அதற்கு மேல் தீயணைப்பு வரும் வரை உங்கள் வேலை, அடுத்தவன் குதிக்காமல் பிடித்துக்கொள்வது. எங்கள் அப்பாரு செய்தது அதைத்தான்.

இனி கிணற்று வேலைக்கு இறங்கும் யாரும் இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்திருக்கத்தான் இறங்க வேண்டும். கயிறு கட்டியவன் மயங்கினால் யாரும் இறங்காமலே இழுத்துவிடலாம். செப்டிக் டேங்கில் கயிறு கட்டிக்கொண்டும் இறங்கக் கூடாது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் வருஷச் சட்டம் குற்றம் என்கிறது. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

மோட்டார் ரூமில் கரண்டு

ஈர வேட்டி, வெறுங்கால், துருப்பிடித்த ஸ்டார்ட்டர் பெட்டி, மூன்று ஃபேஸ் சர்வீஸ். ஒருவர் ஒட்டிக்கொண்டு துடிக்கிறார் என்றால் அவர் உடம்பும் அந்த நேரத்தில் கம்பிதான். மெயினை இறக்குங்கள், இல்லை ஃபியூஸ் கேரியரைப் பிடுங்குங்கள். சுவிட்ச் கைக்கு எட்டவில்லை என்றால் காய்ந்த பலகையிலோ ரப்பர் மிதியடியிலோ ஏறி நின்று, காய்ந்த மரக்கட்டையால் ஒயரையோ அவர் கையையோ தள்ளிவிடுங்கள். பச்சைக் கொம்பு, தென்னை மட்டை, இரும்புக் குழாய் எதுவும் ஆகாது.

இந்தக் கட்டை வித்தை வீட்டுக் கரண்டுக்கும் மோட்டார் கரண்டுக்கும் மட்டும். மேலே போகும் உயரழுத்தக் கம்பி அறுந்து விழுந்திருந்தால் காய்ந்த கட்டையும் காப்பாற்றாது. பத்து மீட்டருக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள், மின்வாரிய மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லிச் சப்ளையை நிறுத்தச் சொல்லுங்கள். தெரியாமல் பக்கத்தில் போய்விட்டால் எட்டு வைத்து ஓடாதீர்கள். மண்ணிலேயே கரண்டு பரவியிருக்கும், இரண்டு காலுக்கும் நடுவே தூரம் கூடக் கூட உடம்பில் ஏறும். கால்களை ஒட்டி வைத்துத் தேய்த்துத் தேய்த்தே விலகுங்கள். தோப்பில் அலுமினியத் தொரட்டியால் தேங்காய் பறிப்பவர்களுக்கும், மலையோரக் காடுகளில் பன்றிக்கு வைத்த கள்ள மின்வேலியில் மாட்டுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஷாக் அடித்தவர் எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லீங்க" என்பார். விடாதீர்கள். இதயத் துடிப்பு பிறகும் தடம் மாறலாம், ஈசிஜி எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

மூச்சு நின்றிருந்தால்

இதை மட்டும் தலையணையை வைத்தாவது வீட்டில் செய்து பாருங்கள்.

தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியில் ஒரு கை, தாடைக்குக் கீழே இரண்டு விரல் வைத்துத் தலையைப் பின்னால் சாயுங்கள். கன்னத்தை அவர் மூக்கருகே கொண்டுபோய், கண் நெஞ்சைப் பார்க்க, பத்து நொடிக்குள் முடிவெடுங்கள். எப்போதோ ஒருமுறை வாயைப் பிளந்து இழுப்பது மூச்சு அல்ல, அது நின்றுபோவதன் அடையாளம். அதைப் பார்த்து "உசுரு இருக்குது" என்று காத்திருந்து கைவிட்டுப் போனவர்கள் நிறைய.

கெட்டியான தரையில் பக்கத்தில் மண்டி போடுங்கள். கயிற்றுக் கட்டிலில் வேண்டாம், அழுத்தமெல்லாம் கயிறு வாங்கிக்கொள்ளும். நடுமார்பு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகம், அதன்மேல் இன்னொரு கை, விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது, தோள் நேர் மேலே வர வேண்டும். பெரியவர்களுக்கு ஐந்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம் போக அழுத்தி, முழுசாக மேலே வர விடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வாய்விட்டு எண்ணுங்கள். முப்பது அழுத்தியதும் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை நெஞ்சு எழும்பும் அளவுக்கு ஊதுங்கள். ஊதத் தெரியாது, தயக்கம் என்றால் அழுத்துவதை மட்டும் நிறுத்தாமல் செய்யுங்கள். விலா எலும்பு 'நொறுக்'கென்று கேட்கலாம். பயப்படாதீர்கள், விலா கூடிவிடும். இரண்டு நிமிடத்தில் உங்களுக்குக் கை ஓயும், அப்போது அடுத்தவர் உட்கார வேண்டும். 108 வந்து கையிலிருந்து வாங்கும் வரைக்கும், அல்லது அவர் தானாக மூச்சு விடும் வரைக்கும் இதைத் தொடருங்கள்.

மூச்சு இருக்கிறது, நினைவு மட்டும் இல்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாக்கக் கிடந்தால் நாக்கு தொண்டையை அடைக்கும், வாந்தி நுரையீரலுக்குப் போகும். மயங்கியவர் வாயில் சோடா, தண்ணீர், சர்க்கரை எதையும் ஊற்றாதீர்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் எதுவும் நடக்காது. தலைக்குக் கீழே துண்டை வைத்து, சுற்றியிருக்கும் கல்லை அகற்றி, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். ஐந்து நிமிடம் தாண்டியும் அடங்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

வாய்க்காலும் ஆறும்

கீழ்பவானி வாய்க்காலிலும் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலிலும் தண்ணீர் விட்டால் பார்க்கச் சாதுவாகத்தான் ஓடும். சிமென்ட் போட்ட இடங்களில் கரை சரிவாக, பாசி பிடித்து இருக்கும். விழுந்தவர் ஏறக் கையில் பிடிக்க ஒன்றும் கிடைக்காது. கொடுமுடியிலும் பவானி கூடுதுறையிலும் ஆடிப் பெருக்கன்றைக்கு நீச்சல் தெரிந்தவர்களே இழுபட்டிருக்கிறார்கள். மூழ்குகிறவர் கத்த மாட்டார், கையை ஆட்டிக் கூப்பிட மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், அவ்வளவுதான்.

கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்போ துண்டோ நீட்டுங்கள். நின்றுகொண்டு நீட்டினால் உங்களையும் இழுத்துவிடுவார். எட்டாவிட்டால் வீசுங்கள்: கயிறு, மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன், லாரி டியூப், சேலை. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு மூன்று பெண்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு உயிரை மீட்டார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. உடுப்பைப் பற்றி அந்த நேரத்தில் யோசிக்காத அந்த மனசை நான் கும்பிடுகிறேன்.

கரைக்கு வந்ததும் வயிற்றை அமுக்காதீர்கள். தோளில் தூக்கிச் சுற்றுவதும், குடத்தின் மேல் குப்புறப் போடுவதும் இன்னும் நம் ஊரில் நடக்கிறது. அதில் வெளியே வருவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீர். அது திரும்பத் தொண்டைக்குள் போய் அடைக்கும், பொன்னான நிமிடமும் போகும். தண்ணீரில் மூழ்கியவருக்குக் காற்றுதான் தேவை. அதனால் இவருக்கு மட்டும் முதலில் இரண்டு முறை ஊதிவிட்டுப் பிறகு முப்பது அழுத்தம் என்று தொடங்குங்கள். பிழைத்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், நுரையீரலில் சில மணி நேரம் கழித்தும் தொந்தரவு வரும்.

பாம்புக்கடி

நம் பக்கம் உயிருக்கு ஆபத்தானவை நாலு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றில் கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்தவர்களைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. விடிகாலையில் வயிற்று வலி, வாந்தி, பிறகு கண் இமை தூக்க முடியாமல் கீழே விழும், பேச்சு குழறும். "தூக்கக் கலக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். சாளையில் தரையில் படுத்து எழுந்தவருக்கு இமை தொங்கினால் பாம்பென்றே நினைத்து வண்டியை எடுங்கள்.

கடித்த நொடியிலிருந்து செய்ய வேண்டியது இவ்வளவே. ஆளை உட்கார வைத்து அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். மெட்டி, மோதிரம், வளையல், அரைஞாண் எல்லாம் வீங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள். எலும்பு முறிந்தால் கட்டுவது போலக் கம்பு வைத்துக் கையை அல்லது காலைத் தளர்வாகக் கட்டி அசைவை நிறுத்துங்கள். இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது. விரியன் விஷம் ஏற்கனவே சதையைத் தின்னும், அதைக் கட்டி ஒரே இடத்தில் நிறுத்தினால் கால் போய்விடும், அவிழ்க்கும்போது விஷம் மொத்தமாக ஏறும். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை, மந்திரிப்பது எதற்கும் நேரம் கொடுக்காதீர்கள். மந்திரித்துப் பிழைத்த கதைகள் எல்லார் வீட்டிலும் உண்டு. விஷமில்லாத பாம்பும் கடிக்கும், விஷப் பாம்பும் சில சமயம் விஷம் இறக்காமல் கடிக்கும். அந்தக் கதைகளின் விவரம் அதுதான்.

நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். கார் கிடைக்காவிட்டால் டூவீலரில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போகலாம். அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இலவசம். அங்கே இரண்டு மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாமல் தண்ணீராக நின்றால் விரியன் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று அர்த்தம். "ஒண்ணும் செய்யாம வெச்சுட்டு நிக்கறாங்க" என்று அந்த இருபது நிமிடத்தில் சண்டைக்குப் போகாதீர்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம், தூரத்திலிருந்து போனில் படம் எடுக்க முடிந்தால் போதும்.

காயம், சூடு, மருந்து

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள் அப்பாதீர்கள். கை கால் துண்டாகி, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மட்டும் காயத்துக்கு மூன்று விரல் மேலே அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய மணியை எழுதி வையுங்கள். தறிக்குடோனிலோ தீவனம் வெட்டும் மிஷினிலோ விரல் போய்விட்டால் முதலில் மெயினை நிறுத்துங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பாலிதீன் கவரில் கட்டி, அந்தக் கவரை ஐஸ் உள்ள இன்னொரு கவரில் வையுங்கள். ஐஸ் நேராகச் சதையில் படக் கூடாது.

கவுந்தப்பாடிப் பக்கம் ஆலைக்கொட்டாயில் வெல்லப்பாகு தெறித்தாலும், மஞ்சள் வேகும் கொப்பரையில் கை பட்டாலும், ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். பாகு ஒட்டிக்கொண்டே சுடும், அதனால் உடனே தண்ணீர். ஒட்டின துணியைப் பிய்க்காதீர்கள். இட்லி மாவு, பேஸ்ட், மை வேண்டாம்.

பூச்சிமருந்து அடித்தவருக்கு எச்சில் ஒழுகி, வேர்த்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் விஷம் தோல் வழியாக ஏறியிருக்கிறது. நீங்கள் கையுறையோ பாலிதீன் கவரோ மாட்டிக்கொண்டு அவர் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். குடித்துவிட்டவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள், டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

குழந்தைக்கு நெலக்கடலை தொண்டையில் சிக்கி இருமலும் வராமல் முகம் நீலமானால், ஒரு வயதுக்குக் கீழே என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து. பெரிய குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் குனிய வைத்து முதுகில் ஐந்து, பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து குத்து. வாயில் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடுவீர்கள்.

ரோட்டில்

முதலில் பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரியும்படி ஒரு ஆளைத் துண்டோடோ விளக்கோடோ தள்ளி நிறுத்துங்கள். சேலம் கோவை ரோட்டில் அடிபட்டவரைப் பார்க்கக் குனிந்தவரும் அடிபடுவது இதைச் செய்யாததால்தான். அடிபட்டவர் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். தீ, புகை இல்லையென்றால் 108 வரும் வரை நகர்த்தாதீர்கள். ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள், மூச்சு அடைத்தால் மட்டும் ஒருவர் கழுத்தைத் தாங்க இன்னொருவர் மெதுவாகக் கழற்றலாம்.

போலீஸ், கோர்ட் என்று பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவியவரைக் காக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவினீர்கள் என்றால் உங்கள் மேல் வழக்கு வராது, பெயர் சொல்லவும் கட்டாயமில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் அரசே ஏற்கிறது. "யார் காசு கட்டறது" என்று வாசலில் நிற்க வேண்டியதில்லை.

மோட்டார் ரூமில் இருக்க வேண்டியவை

சுவரில் பெயின்டால் 108, 101, மின்னகம் எண், கூடவே உங்கள் தோட்டத்துக்கு வரும் வழி: எந்த ஊர், எந்தப் பிரிவு, எத்தனாவது இட்டேரி. பதறும்போது சொந்தத் தோட்டத்துக்கு வழி சொல்லக்கூட வாய் வராது. ஒரு டப்பாவில் சுத்தத் துணி, பஞ்சு, கத்தரி, ரப்பர் கையுறை. ஒரு காய்ந்த மரக்கம்பு, மழை படாத மூலையில். கிணற்று ஆழத்தைவிட இருபதடி கூடுதலாக ஒரு நைலான் கயிறு, ஒரு முனையில் சுருக்குப் போட்டபடி ஆணியில் தொங்கட்டும். கன்னுக்குட்டி கட்ட யாராவது எடுத்துப் போனால் பொழுது சாயும் முன் அது திரும்ப அந்த ஆணிக்கு வந்துவிட வேண்டும்.